அமாவாசை விரதமும் பிரஷர் மாத்திரையும்

நான் எப்படி விழுந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விழுந்தது நான்தான், வீங்கியதும் என் முழங்கைதான். நடுவில் கொஞ்ச நேரம் எங்கே போயிற்று என்பதுதான் இன்று வரை பிடிபடவில்லை.

என் வீடு பல்லடம் போகிற ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் தறி ஓட்டிக் கட்டிய வீடு. அவர் போனபிறகு தனியாகத்தான் இருக்கிறேன். மகன் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், அங்கேயே வாடகைக்கு மாடி வீடு. வந்துவிடச் சொல்லி அவனும் மருமகளும் கூப்பிடாத நாள் இல்லை. அங்கே ஒரு குறையும் கிடையாது. ஆனால் இன்னொருத்தி அடுப்பைத் தொடுவதற்கு முன் கேட்டுத்தான் தொடவேண்டும். என் வீட்டில் நான் யாரையும் கேட்டதில்லை.

அன்று அமாவாசை. அவர் போனதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை விரதம் இருக்கிறேன். சோறு ஆக்கி, காக்கைக்கு வைத்து, அது கொத்திய பிறகுதான் நான் வாயில் எதையும் வைப்பேன். மாத்திரை மட்டும் வேறு கணக்கு. அது சாப்பாடு கிடையாது, மருந்துதானே, அதனால் விரதம் கெடாது என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். காலையில் ஒரு வாய்த் தண்ணீரில் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அன்றைக்கு என்னவோ காக்கை வரவே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், குரலே இல்லை. இலையில் சோற்றை வைத்து மூடிவிட்டு, சும்மா இருப்பானேன் என்று பிசிறு வெட்ட உட்கார்ந்தேன். தைத்து முடித்த பனியனில் தொங்குகிற நூலை வெட்டுகிற வேலை அது. கம்பெனியில் கட்டுக் கட்டாக வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் கட்டு முடிகிறவரை நான் எழுவதில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் வெளியே காக்கைச் சத்தம் கேட்டது. பறந்துவிடப் போகிறதே என்று வெடுக்கென்று எழுந்து இலையை எடுத்தேன்.

எடுத்தது வரைதான் எனக்குத் தெரியும்.

அடுத்து எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரியின் முகம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே டெய்லர் வேலைக்கு வந்தவள். ஆர்டர் இல்லாததால் அன்று வீட்டில் இருந்தாள்.

"ஆச்சி, கண்ணத் தொறங்க. ஏன் இப்படிக் கெடக்கிய?"

"சும்மா படுத்தனுங்க" என்றேன்.

"வாசப்படியில தலைய வச்சா? நல்ல எடம் பாத்திய படுக்க."

என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் முதலில் கேட்டது காக்கையைத்தான். மதில்மேல் இலை இருக்கிறது, சோறு காலி என்றாள். அப்படியென்றால் நான் மதில்வரை நடந்து போய் இலையை வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஒரு அடி வைத்ததுகூட எனக்கு ஞாபகமில்லை. என் காலை வைத்துக்கொண்டு வேறு யாரோ நடந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சேதி கேட்டு மகனும் மருமகளும் பைக்கில் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். வெட்டிப்போட்ட பனியன் துணியில் நானே பின்னிய கால்மிதிகள் வீடு முழுக்கக் கிடக்கும். மகன் அவற்றை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிப் பார்த்தான். எல்லாமே வழுக்கிக்கொண்டு போயின. மருமகள் என் நைட்டியைப் பார்த்தாள். அது எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டியது.

"அத்தை, இது வெள்ளக்காரி உசரத்துக்குத் தைச்சதுங்க. நீங்க போட்டா ஊட்டையே கூட்டிக்கிட்டுல்ல வருது."

"கூட்டுனா நல்லதுதான, ஒனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றேன்.

மகன் சிரிக்கவில்லை. எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, நெசத்தச் சொல்லுங்க. கால் தடுக்குச்சுங்களா, மயக்கமுங்களா? தடுக்குச்சுன்னா ஊட்டச் சரிபண்ணிக்கலாம். மயக்கமுன்னா உங்களத் தனியா உட்டுட்டு நான் போகமாட்டனுங்க."

"தடுக்கிருச்சு சாமி" என்றேன்.

சொன்ன கொஞ்ச நேரத்தில் எனக்கே அது உண்மையாகிவிட்டது. கட்டைவிரல் கால்மிதியில் மாட்டுவதும் நான் முன்னால் சாய்வதும் கண்ணுக்குத் தெரிந்தன. அது ஞாபகமா, நானாகத் தைத்துக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முழங்கைக்கு எண்ணெய் தடவும்போது ஒன்று தோன்றும், படுக்கும்போது வேறொன்று தோன்றும்.

மகன் லீவு சொல்லிவிட்டு இரண்டொரு நாள் என்னோடு தங்கினான். அவன் இருக்கும்போதே, வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிற நர்ஸ் பெண் வந்தாள். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க ஆத்தா, விழுகறப்பக் கைய ஊனுனீங்களா?"

நான் மகனைப் பார்த்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்கிற மாதிரி இருந்தான், காது இங்கேதான் இருந்தது. ஊன்றினேன் என்று சொன்னால், நினைவோடுதான் விழுந்தேன், தடுக்கியதுதான் என்று முடிந்துவிடும். ஊன்றினேனா இல்லையா என்று தெரிந்திருந்தால் மாற்றியாவது சொல்லியிருப்பேன். எது பொய் என்றே தெரியாதபோது எதைத்தான் சொல்வது?

"தெரியலீங்க கண்ணு. எலையை எடுத்தது நெனப்பிருக்குது. பொறகு ஒன்னுமே இல்ல."

மகன் செல்போனைக் கீழே வைத்தான். "அப்பத் தடுக்குச்சுன்னு சொன்னீங்க?"

"தடுக்கியும் இருக்கலாம் சாமி."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தாள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தாள். படுத்தால் ஒன்று காட்டுகிறது, நின்றால் ரொம்பவும் இறங்கிப்போகிறது என்றாள். அதே கைதான், அதே ஆள்தான், எப்படி இரண்டு காட்டும் என்று கேட்டேன். அவள், விழுந்த அன்று காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். விரதத்தைச் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன்.

"வவுத்துல ஒன்னுமில்லாம, தண்ணியும் சரியாக் குடிக்காம மாத்திரையப் போட்டீங்களா? போட்டுட்டுக் காலை மடக்கி அத்தன நேரம் உக்காந்து, வெடுக்குனு எந்திரிச்சீங்களா? தலைக்கு ரத்தம் ஏறறதுக்குள்ள ஆளு கீழ விழுந்திருக்குமுங்க. அப்புடித்தான் இருக்கோணும். ஆனா நெனப்புத் தப்பியிருக்குது, தலையும் வாசப்படியில பட்டிருக்குது. இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டீருங்க."

மகன் அலமாரிமேல் இருந்த என் துணிப்பையை எடுத்தான். ஆஸ்பத்திரிக்கா, வீரபாண்டிக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அதில் இரண்டு சேலை வைத்தான், பிறகு ஒன்றை எடுத்துவிட்டான். அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே அடி எதுவும் இல்லை என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை, எழும்போது மெதுவாக, தரையில் உட்கார்ந்து வேலை கூடாது என்றார். தனியாக இருக்கலாமா என்று மகன் கேட்டான். இதையெல்லாம் செய்தால் பார்க்கலாம் என்றார். அவர் சரியென்றாரா வேண்டாமென்றாரா என்று பஸ்ஸில் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தோம்.

கடைசியில் என் வீட்டுக்குத்தான் வந்தோம். மகன் கால்மிதிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனான். பாத்ரூமில் இரும்பு பைப் ஒன்றைப் பிடிமானத்துக்கு அடித்துக் கொடுத்தான். ஒரு சாவி பக்கத்து வீட்டுக்காரியிடம், உள்ளே தாழ் போடக்கூடாது என்றான். நாற்காலியில் உட்கார்ந்து பிசிறு வெட்டச் சொன்னதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆபீசர் மாதிரி. அதற்கும் தலையாட்டினேன். இன்னொன்று சொன்னான். அமாவாசையானாலும் காலையில் சாப்பிட வேண்டும், ஒருநாள் பட்டினி என்று காதில் விழுந்தாலும் அன்றைக்கே வீரபாண்டி.

"அப்பாவுக்கு வெக்கறதுக்கு முன்னாடி நான் எப்புடி சாமி திங்கறது?"

"அப்பா ஒன்னும் சொல்லமாட்டாருங்க."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

கோயில் பூசாரியைக் கேட்டேன். உடம்புக்கு முடியாதவர்கள் பால், பழம் எடுக்கலாம் என்றார். எனக்கு உடம்புக்கு முடியாது என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரியையும் கேட்டேன். அவள் சர்ச்சுக்குப் போகிறவள்.

"எனக்கு இந்தக் காக்கா சங்கதியெல்லாம் தெரியாது ஆச்சி. விழுந்தியன்னா தூக்கப்போறது நான். அதனால தின்னுங்க."

அடுத்த அமாவாசை விடிந்ததும் மருமகள் போன் செய்தாள்.

"அத்தை, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

"என்னங்க சாப்ட்டீங்க?"

"இட்லி."

"மெல்லற சத்தமே காணமுங்க."

"இட்லிக்கு ஏது சத்தம்?"

"அப்ப வீடியோவுல வாங்க அத்தை."

தட்டில் இரண்டு இட்லி தொடாமல் இருந்தது. அடுப்பில் அவருக்கான சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் செய்வது பாவமா, இல்லை மாத்திரை போல இதுவும் கணக்கில் வராதா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. போனைச் செம்புமேல் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் பார்க்க ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன்.