யானைக்கு மேல் மஞ்சள் பெயின்ட்

இந்த யுகாதிக்குக் கடையில் வாங்கிய ஜிகினாத் தோரணம் கிடையாது என்று எங்கள் அபார்ட்மென்டின் மூன்றாவது மாடி ஆன்ட்டி முடிவு செய்துவிட்டார். ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியை. அவர் முடிவு செய்தால் செய்ததுதான், செயலாளர்கூட வாயைத் திறக்க மாட்டார். பிள்ளைகள் அவரவர் வீட்டில் தூக்கிப் போடும் பொருளில் பூக்கள் செய்ய வேண்டும், பண்டிகைக்கு முதல் நாள் அவற்றைக் கோர்த்து, சாலையைப் பார்த்த பெரிய கேட்டில் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

என் மனைவி நர்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி. அதனால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் நானும் மட்டும் கூடத்தில் குப்பையைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். முட்டை அட்டையின் குழிகளைத் தனித்தனியாக வெட்டி, ஓரத்தை நறுக்கி விரித்தால் பூ. பால் கவரைக் கழுவி வெட்டினால் இலை. எனக்கே என் கைவேலை பிடித்துப்போய், மனைவிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

வெறும் அட்டை அழுதுவடிகிறது என்று மகள் மனைவியின் பழைய தமிழ் வார இதழ்களைக் கிழித்துப் பூக்களின் மேல் ஒட்ட ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேச்சிலும் பாதிக்குப் பாதி கன்னடம். சமையல் பக்கத்தில் 'ஐந்து வகை ரசம்' என்று சிவப்பில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதில் முதல் எழுத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தாள்.

"அப்பா, இங்க நோடு! யானை உக்காந்திருக்கு! தும்பிக்கை இருக்கு பாரு!"

அது யானை இல்லை, 'ஐ' என்றேன். அவள் காதில் விழவில்லை. யானையை அப்படியே வெட்டி, இருப்பதிலேயே பெரிய பூவின் நடுவில் ஒட்டினாள். அதையும் போட்டோ எடுத்து, 'யானையாம்' என்று எழுதி மனைவிக்கு அனுப்பினேன். கோந்து காய்வதற்குள் மேலே ஓடிப்போய் ஆன்ட்டியிடம் காட்டிவிட்டும் வந்தாள். கேட்டுக்கு நடுவில் அந்தப் பூதான் என்று ஆன்ட்டி சொல்லிவிட்டாராம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கேட்டுக்கு நடுவில் என்றால் சாலையில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் அந்தத் தமிழ் எழுத்து படும்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் மைசூரில் பிறந்து வளர்ந்தவன். தமிழன் என்பதற்காக இந்தத் தெருவில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ரயில்வேயில் இருந்த என் அப்பா, காவிரித் தண்ணீர்ப் பேச்சு சூடாகும்போதெல்லாம் தமிழ்ப் பத்திரிகையைக் கன்னடப் பேப்பருக்குள் மடித்து வைத்துத்தான் பஸ்ஸில் கொண்டுவருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்தப் பயம் மட்டும் சொத்து மாதிரி என்னிடம் வந்துவிட்டது. இப்போது தண்ணீர்த் தகராறும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்து வகை ரசத்தைப் பார்த்து யாருக்கு என்ன கோபம் வந்துவிடும்? அறிவுக்குத் தெரிகிறது, கை கேட்கவில்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினேன்.

"இது மேல மஞ்சள் அடிச்சிரு கண்ணு."

"பேடாப்பா." வேண்டாம் என்பதற்கு அவள் வாயில் அதுதான் வரும். "யானை போயிடும்."

"எழுத்து தெரிய வேணாம்."

"பக்கத்து வீட்டுப் பூவுல கன்னடா எழுத்து இருக்கே? கீழ் வீட்டுப் பூவுல இங்கிலீஷ் இருக்கே?"

"அது வேற. இது தமிழ். வெளியில எதுக்குக் காட்டிக்கிட்டு?"

அவள் என்னைப் பார்த்தாள். அடம் பிடிப்பாள் என்று நினைத்தேன், பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரஷ்ஷை எடுத்தாள். வழவழப்பான தாளில் பெயின்ட் நிற்காமல் வழிந்தது. ஒரு தடவை அடித்தும் தும்பிக்கை தெரிந்ததால், நானே பிரஷ்ஷை வாங்கி மேலும் அப்பினேன். பூ உப்பிப்போய், சாம்பார் கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

கேட்டில் கட்டும்போது ஆன்ட்டி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "யானை எங்கே?" என்று கன்னடத்தில் கேட்டார். இப்படி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று ஏதோ உளறினேன். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். அந்த நல்ல மனுஷியையும் சேர்த்துத்தான் நான் பயந்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கூசிப்போனது. ஏற்கெனவே சொன்னபடி அதை நடுவிலேயே கட்டினார்.

யுகாதியன்று காலை எல்லோரும் கேட்டருகே கூடியிருந்தோம். ஆன்ட்டி வேப்பம்பூவும் வெல்லமும் கலந்த தட்டுடன் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் மனைவிக்கு மெதுவாகப் பேச வராது. வார்டில் பேசிப் பேசிப் பழகிய குரல்.

"எதுடி உன் பூ? அப்பா அனுப்பின போட்டோவுல யானை எல்லாம் இருந்துச்சே!"

மகள் எம்பி, அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள்.

"மெதுவாம்மா. எல்லாருக்கும் கேக்கும். கன்னடால பேசு."

"ஏன்டி?"

"தமிழ வெளியில காட்டக் கூடாது. அப்பா சொன்னாரு." பிறகு கேட்டைக் காட்டினாள். "யானை மஞ்சளுக்கு உள்ள இருக்கு."

குழந்தை அதைக் குறையாகச் சொல்லவில்லை. கற்றுக்கொண்ட பாடத்தை ஒழுங்காக ஒப்பித்தாள், அவ்வளவுதான். மனைவி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. தட்டுடன் எங்கள் எதிரில் வந்து நின்ற ஆன்ட்டிக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எனக்கு வாய் திறந்து சொல்லாததை நான் என் பிள்ளைக்குச் சொல்லியே கொடுத்திருக்கிறேன்.

குனிந்து மகளின் கையை அம்மாவின் வாயிலிருந்து எடுத்தேன்.

"அப்பா சொன்னது தப்பு கண்ணு. சத்தமாவே பேசலாம்" என்றேன்.

அதையும் அவள் காதோடுதான் சொன்னேன்.