ஜெபம் பண்ணிக் கொடுத்த கால்

செயற்கைக் கால் போடுகிறவர்கள் வெட்டிய காலின் நுனிக்கு முதலில் ஒரு பருத்தி உறை போட்டு, அதற்கு மேலேதான் காலை மாட்டுவார்கள். கணபதிப்பிள்ளை அண்ணன் கழற்றிக் காட்டிய உறையில் இரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. கால் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. செய்தது நான்.

மட்டக்களப்பில் செயற்கைக் கால் செய்யும் ஒரு பட்டறையில் இருபத்தெட்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், நான் செய்த காலோடு நன்றாக நடந்தவர்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சொல்ல வேண்டியது இது.

1. என் வழக்கம்

அளவு எடுக்கப் பிளாஸ்டர் சுற்றினால், அது இறுகும் மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ஜெபிப்பேன். வந்தவர் சைவமோ முஸ்லிமோ, கேட்டுவிட்டுத்தான் செய்வேன். யாரும் வேண்டாம் என்றதில்லை. பட்டறையில் என் பெயரே ‘ஜெபம் பண்ணுற மிஸ்’.

பிறகு என் கணவர் புற்றுநோயில் படுத்தார். ஒரு வருடம் விடாமல் ஜெபித்தேன். அவர் போய்விட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தலையிடி என்று சொல்லி சேர்ச்சுக்குப் போகாமல் விட்டேன். எதைச் செய்து என்ன என்று மனம் விழுந்துபோயிருந்தது. ஆனால் பட்டறையில் மட்டும் ஜெபத்தை நிறுத்தவில்லை. பெயர் கெட்டுவிடும் என்ற பயம். வாய் ஜெபிக்கும், மனம் அங்கே இருக்காது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

2. அண்ணன் பொறுத்த நோவு

கணபதிப்பிள்ளை அண்ணன் வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவர். சீனி வருத்தத்தால், அதுதான் நீரிழிவால், ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திரும்பவும் தோணியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அவருக்கும் ஜெபித்தேன். பிறகு, சுற்றிய பிளாஸ்டருக்குள் வார்த்து எடுத்த அச்சை அரத்தால் ராவினேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஒரு எலும்பு துருத்தி நிற்கும். அச்சில் அந்த இடத்தில் கொஞ்சம் பிளாஸ்டர் கூட்டி அப்ப வேண்டும். அப்போதுதான் அந்த அச்சின் மேல் செய்கிற சொக்கெட்டுக்குள், வெட்டிய கால் நுழையும் கூட்டுக்குள், எலும்புக்கு இடம் கிடைக்கும். முதல் வாரப் பாடம் அது. அன்று நான் அப்பவில்லை. மறதியா அலட்சியமா என்று கேட்டால், இரண்டும்தான்.

மாட்டிப் பார்த்த நாளில் நோகுதா என்று கேட்டேன். இல்லை என்றார். நடந்தும் காட்டினார். நெற்றி வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த உறை. புண் எலும்புக்குப் போனால் முழங்காலும் தப்பாது என்று டொக்டர் சொன்னார். முழங்கால் போனால் தோணியில் நிற்கிற பேச்சே இல்லை. எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது. ஏன் முதலே சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன்.

“நீங்க ஜெபம் பண்ணித் தந்த கால் மிஸ். சாமிட பேரச் சொல்லித் தந்ததில குறை சொல்லலாமா? பொறுத்தா சரிவரும் எண்டு இருந்தன்.”

கழற்றி வைத்த காலுக்குள் விரலை விட்டுத் தடவினேன். எலும்புக்கான குழி இல்லை.

“பிழை என்ட, அண்ணன். அந்த ஜெபத்தில நான் இருக்கல்ல. எனக்கு நம்பிக்கையே விட்டுப் போயிட்டு.”

“எனக்கு விட்டுப் போகல்ல மிஸ்,” என்றார். “புண் ஆறட்டும். திரும்பிச் செய்யுங்க.”

3. இரண்டாவது அச்சு

புண் ஆற இரண்டு மாதம் எடுத்தது. ஒவ்வொரு முறை மருந்து கட்டும்போதும் போய் நின்றேன். அந்த நாட்களில்தான் மறுபடி ஜெபிக்கத் தொடங்கினேன். கேட்க முகம் இல்லாமல்தான் கேட்டேன். ஆண்டவரே, என் பிழைக்கு அந்த மனிதரின் முழங்காலை எடுத்துவிடாதேயும் என்று மட்டும். கேட்டது கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவள் நான். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். ஆண்டவர் விரட்டவில்லை. ஒரு ஞாயிறு சேர்ச்சில் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். கணவரை நினைத்து அழுகை வந்தது. ஆனாலும் அடுத்த நாள் வேலைக்குப் போக மனம் இருந்தது.

இரண்டாவது முறை பிளாஸ்டரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“சொல்லுங்க மிஸ், இறுகுது.”

வெட்கமாயிருக்கு ஆண்டவரே, என் கையைப் பிடியும் என்றேன். அவ்வளவுதான் வந்தது.

புதுக் காலோடு நடந்து காட்டி, நோகல்ல என்றார். நான் நம்பவில்லை. கழற்றித் தோலைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. இப்போது அவர் தோணியில் நின்று வலை எறிகிறார்.

பிள்ளைகளே, ஜெபிக்கிறவர்கள் ஜெபியுங்கள். முடிந்ததும், நோகுதென்று சொன்னால் வந்தவர் மேல் கடவுள் கோபிக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லத் தொடங்கியது அண்ணனுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் எத்தனை பேர் என் ஜெபத்துக்காக நோவைப் பொறுத்துக்கொண்டு நடந்தார்களோ, எனக்குத் தெரியாது.