மதினியின் குரலைத் திருத்தினேன்

அன்று பந்தல்குடி கோயில் மேடையில் நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். என் அண்ணன் மனைவி, அவரைப் பாட அழைத்திருந்த விழாக்காரர், மைக் செட்டுக்காரர், நான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். யார் எது சொன்னாலும் அதுதான் சரியென்று நம்பிவிடுவேன். களையெடுக்கும்போது மதினி பாடும் பாட்டை வீட்டில் வைத்து செல்போனில் பதிவுசெய்து, ஒரு நாட்டுப்புறப் பாட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன்.

"குரலு கரகரங்குது" என்றார் ஒருவர். செயலியில் அதை மென்மையாக்கினேன். "ரொம்ப இழுக்குறாக" என்றார் இன்னொருவர். வேகத்தைக் கூட்டினேன். "மூச்சு வாங்குறது கேக்குது" என்றதும் அதையும் வெட்டினேன். இப்படியே திருத்தித் திருத்தி ஏழாவது தடவை போட்டபோது எல்லோரும் பாராட்டினார்கள். அதைக் கேட்டுத்தான் விழாக்காரர் கூப்பிட்டார். முதல் மேடை என்று மதினி புதுச்சேலை கட்டி வந்திருந்தார்.

மைக்கைச் சரிபார்க்க இரண்டு வரி பாடினார். விழாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏப்பா, போன்ல பாடுனவுக வரலையா?"

"இவுகதாண்ணே அவுக."

"யாருகிட்ட கத விடுற? ஆள மாத்திக் கூட்டியாந்துட்டு!"

மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மதினி என் போனை வாங்கி, அந்தப் பாட்டை முதன்முறையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பாடுறா. யாரு கொழுந்தனாரே இவ?"



அதன்பிறகு அவர் காட்டில் களையெடுக்கும்போதுகூடப் பாடுவதில்லை. முதல் பதிவையும் நான் திருத்தும்போதே அழித்துவிட்டேன். முகம் தெரியாதவர்களிடமெல்லாம் ஏழு தடவை கருத்துக் கேட்டேன். பாடியவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.