அண்ணைக்காகப் போட்ட பியர்

பீப்பாவின் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம் வரும். கூடவே புளித்த மாவும் கருகிய சீனியும் கலந்த மாதிரி ஒரு மணம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலுமாரியைத் திறந்தாலே அந்த மணம்தான். அங்கே அடுக்கியிருந்த துவாய்களும் அப்படித்தான் மணந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கடையின் பின்னறையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் வாசிக்க வரும், பேசத்தான் வாய் வராது. அந்தப் பின்னறை எனக்குப் பிடித்திருந்தது... அங்கே ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

அப்பா முன்னமே லண்டனுக்கு வந்தவர். பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். அண்ணைக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் விசா கிடைக்கவில்லை. காசு வாங்கி ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரர் மூலம் மொஸ்கோ வரை வந்து, ஓர் அறையில் வேறு பெடியன்களோடு காத்திருந்தார். அப்பா அவரைக் கடைசியாகப் பார்த்தது அரைக்காற்சட்டை போட்ட வயதில்.

அந்த நாட்களில்தான் அப்பா பியர் போட்டார். அவர் வேலை செய்த பேக்கரியில் ஒரு வெள்ளைக்காரர் பழைய பிளாஸ்டிக் பீப்பா ஒன்றைக் கொடுத்திருந்தார். தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே திருகுமூடி, கீழே குழாய்.

"வீட்டுக்குள்ள கள்ளுத் தவறணையோ வைக்கிறியள்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா சிரித்தார். அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. எங்கள் ஊரில் தகப்பனைக் கண்டால் மகன் க்ளாஸை ஒளித்துவிடுவான். தகப்பனும் காணாத மாதிரிப் போய்விடுவார். அப்பாவுக்கு அந்த ஒளிப்பு வேண்டாம். அண்ணை வந்ததும் முதல் க்ளாஸைத் தானே ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

போனிலேயே சொல்லிவிட்டார். "நீ வா, நானே ஊத்தித் தாறன். வெளியில பழகாதை."

நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணை சிரிப்பது கேட்டது.

"பழகிட்டன் எண்டா என்னப்பா செய்வியள்?"

அப்பாவும் சிரித்தார். பிறகு, "அப்ப ருசி பாத்துச் சொல்லு" என்றார்.

வாளியில் புளித்து முடிந்த பியரை பீப்பாவுக்கு மாற்றி, கொஞ்சம் சீனி போட்டு, மூடியை இறுக்கி, சூடான இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே உண்டாகும் காற்று வெளியேற வழியில்லாமல் பியருக்குள்ளேயே கரையும். அதுதான் நுரை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தது கள்ளு மட்டும். கள்ளு முட்டியை ஒருவரும் இறுக்கி மூடுவதில்லையே... அதனால் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் மூடியைத் தளர்த்தி, "மூச்சு விடட்டும்" என்பார். மூடினால் வெடிக்கும் என்று பயம்.

பியர் போட வாங்கிய மோல்ட் பாகு டின்னில் எழுதியிருந்ததை நான் வாசித்துப் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று கதவோரம் நின்றேன். பிறகு எப்படியோ வாய் வந்துவிட்டது.

"அப்பா, திறக்காதேங்கோ. போற காத்து திரும்பி வராது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீயே பூட்டு, பிள்ளை" என்று விலகி நின்றார்.

திரும்பவும் கொஞ்சம் சீனி போட்டு, கை சிவக்க இறுக்கினேன். சில நாட்களில் பீப்பாவின் வயிறு கல்லு மாதிரி ஆகிவிட்டது. அப்பா அதைத் தட்டிப் பார்ப்பார், திறக்க மாட்டார். "வரட்டும்" என்பார்.

அண்ணை மொஸ்கோவிலிருந்து வெளிக்கிட்டதாகச் சொன்னார்கள். பிறகு போன் வரவில்லை. நாங்கள் கோயிலுக்குப் போனோம், ஏஜென்சிக்காரரிடம் போனோம். பொங்கலும் போனது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணையோடு வந்த பெடியன் ஒருவன் ஜெர்மனியிலிருந்து போன் எடுத்தான். வழியில் ஓர் ஆறு... படகு கவிழ்ந்ததாம். கரை சேர்ந்தவர்களில் அண்ணை இல்லை.

செய்தி வந்து எட்டாம் நாள் படையல். அப்டன் பார்க்கில் வாங்கிய வாழையிலையில் அண்ணைக்குப் பிடித்த இறால் பொரியலும் கத்தரிக்காய்க் குழம்பும். அம்மா எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, நிமிராமலே சொன்னார்.

"இஞ்சேருங்கோ... அந்த பியரையும் வையுங்கோ. அவனுக்கெண்டுதானே போட்டனீங்கள்."

அப்பா க்ளாஸைப் பிடித்தார். குழாயைத் திறந்தது நான்தான். பியர் சீறிக்கொண்டு வந்தது. வெள்ளை நுரை க்ளாஸுக்கு மேலே எழும்பி, அப்பாவின் விரல்களில் வழிந்தது. ஒரு துளிக் காற்றும் வெளியே போகவில்லை. எல்லாம் அவ்வளவு சரியாக வந்திருந்தது.

அப்பா க்ளாஸை வைக்கவில்லை. படத்துக்கு முன்னால் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நுரை இறங்கியதும் குழாயடியில் பிடித்து இன்னும் கொஞ்சம் நிரப்பினார். அது தணிந்த பிறகுதான் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பியர் போடவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை. என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமைகளில் அவனும் என் கணவரும் டிவிக்கு முன்னால் இருந்து ஒன்றாகத்தான் குடிப்பார்கள். ஒளிப்பு மறைப்பு இல்லை. அப்பா ஆசைப்பட்டது இதைத்தான்.

கேன் திறக்கும் சத்தம் கேட்கும்போது நான் என்ன வேலையில் நின்றாலும் திரும்பிப் பார்ப்பேன். கணவர் ஊற்றி நீட்டுவார். அவன் போனைப் பார்த்தபடி வாங்கி, நுரையோடேயே குடித்துவிடுவான்.

நுரை தணியட்டும் என்று ஒருவரும் காத்து நிற்பதில்லை.