தையல் கடையில் கேட்ட கேள்வி

தைக்கக் கொடுத்த துணி எந்த நிலையில் இருக்கிறது என்று கைப்பேசியில் காட்டும் ஒரு செயலி. இதற்காக அவள் கணக்கர் வேலையைத் தலைமுழுகிவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. கேட்டவர்கள் அத்தனை பேரும் ரொம்ப நல்லா இருக்கு என்றார்கள். காசு கொடுத்து வாங்கத்தான் ஒரு தையல் கடையும் இல்லை. நல்லா இருக்கு என்று சொல்வதற்கு என்ன, காசா பணமா? இது புரிய அவள் புதுத்தொழில் வகுப்பு ஒன்றில் போய் உட்கார வேண்டியிருந்தது. உன் சரக்கைப் பற்றி மூச்சு விடாதே, கடைசியாக அந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேள், பிறகு வாயை மூடிக்கொண்டிரு என்றார்கள் அங்கே. அந்தக் கடைசி வேலைதான் அவளுக்கு வராதது.

கணவனும் திங்கட்கிழமை தன் வேலையை விட்டுவிட்டு அவளோடு சேரப் போகிறான். வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே சம்பளம் அது. அதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தையின் தையல் கடைக்குப் போனாள். செயலியை முதன்முதலில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவள் இந்த அத்தைதான், அப்பாவின் தங்கை.

துணிப்பைகளால் அலமாரி பிதுங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு துணி தாமதமானபோது என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அத்தை மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். ஒருத்தி வந்து துணியைத் திருப்பிக் கொடு என்று மல்லுக்கு நின்றாளாம்.

"வெட்டியாச்சுன்னு எடுத்துக் காட்டினேன். போயிட்டா."

"நிஜமாவே வெட்டியிருந்தீங்களா?"

மிஷின் நின்றது. "ஓரத்துல மட்டும். துணி வந்த அன்னிக்கே ஒரு வெட்டு போட்டுருவேன். அப்புறம் வேற கடைக்குக் கொண்டு போக மாட்டாங்கல்ல. எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதாம்மா."

துணியை இன்னும் தொடவே இல்லை என்று செயலியில் காட்டித் தன் குட்டைத் தானே உடைத்துக்கொள்ள எந்தத் தையல்காரர் பணம் கொடுப்பார்?

"அப்ப ஏன் அத்தை நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"நீ வேலையை விட்டுட்டு வந்து நிக்கற. வேற என்னம்மா சொல்றது?"

தெருவில் நின்று கணவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

அவள் வேலை செய்யும் சின்ன அறைக்குள் அவன் இன்னொரு மேசையைத் தள்ளிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லையாம். வேலையை விடுவதாகக் காலையிலேயே ஆபீஸில் சொல்லிவிட்டானாம். அவன் இடத்துக்கு வேறு ஆளும் பார்த்தாகிவிட்டதாம். அவன் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. அவளுக்கு அழுகை முட்டியது. அதை அவன் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான்.

"ஒத்தையில கிடந்து அல்லாடினது போதும். இனி நானும் இருக்கேன்."

கையைப் பிடித்து அவளைச் சுவரோரம் உட்கார வைத்தான். தன் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டு மேசைக்கும் நடுவில் கால் நுழைய இடமில்லை. அவன் எழுந்தால்தான் அவள் வெளியே போக முடியும்.

"சொல்லு," என்றான், "முதல்ல யாரைப் போய்ப் பாக்கலாம்?"