மேற்குச் சுவருக்கு ஒரு லைனிங்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். அரையங்குலம் என்று கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறாள். யார் துணி கொடுத்தாலும் தையலுக்குள் அரை அங்குலம் கூடுதலாக மடித்துவிடுவாள். "அடுத்த வருஷம் நீங்க ஊதிட்டு வந்து என்னைத் திட்டக் கூடாது பாருங்க" என்பாள். திட்ட வந்தவர்கள் யாரும் இல்லை. பிரித்துவிடச் சொல்லி வந்தவர்கள் நிறையப் பேர்.

கணவர் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர். மாலை ஏழு மணிக்கு டெப்போவில் ஏறினால் காலை ஆறரைக்கு இறங்குவார். பகல்தான் அவருக்குத் தூக்கம். வாடகை வீட்டின் தகரக் கூரைக்குக் கீழே பதினான்கு வருடம் கோழித்தூக்கம் போட்டே காலத்தை ஓட்டினார். ஜனவரி எட்டாம் தேதி, விடியும் நேரத்தில், ஒரு வளைவில் அவருக்குக் கண் அசந்துவிட்டது. பேருந்து ஓரத்துக் கல்லில் உரசி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மேலாளர் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, ஷெட்டில் வண்டி கழுவும் வேலைதான்.

அப்போது அவர்களுடைய புது வீட்டுக்குச் சுவர் எழும்பிக் கூரையும் போட்டாகிவிட்டது. குறுகலான மனை. முன்னறையில் தையல் மெஷின். பின்னறையில்தான் அவர் படுக்க வேண்டும். அந்த அறையின் முதுகு முழுக்க மேற்கு வெயில். ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அவள் உள்ளே நின்று சுவரில் கை வைத்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இந்தச் சுவருக்கு ஏதாவது செஞ்சாகணும்" என்றாள் மேஸ்திரியிடம்.

"ஒரு ஏசியை மாட்டும்மா. ஊரே அதைத்தான் பண்ணுது."

"கரண்ட் போனா ஊர் எழுந்து உக்காந்துக்கும். இவர் எழுந்து உக்காந்தா வேலை போயிடும்ணே."

மேஸ்திரி காதைச் சொறிந்தார். "அப்ப உள்பக்கமா தெர்மோகோல் பலகை ஒட்டி மேல பூசிடலாம். சாரம் கட்ட வேணாம். ரெண்டு நாள் வேலை."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோட்டுக்கு லைனிங் உள்ளேதானே வைக்கிறோம்? நாடாவை எடுத்து உள்சுவரை அளந்தாள். பதினோரு அடி நான்கு அங்குலம் நீளம், ஒன்பதரை அடி உயரம். அளவு நோட்டில், ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் ரவிக்கை அளவுக்குக் கீழே, அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆனால் போட்டுப் பார்க்காமல் கடைசித் தையல் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கடையில் சேர்ந்திருந்த வெட்டுத் துணிகளையெல்லாம் அடுக்கி, சுவரின் அளவுக்கே ஒரு தடித்த மெத்தைப் போர்வை தைத்தாள். ஆறு நாள் ஆனது. அறைக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, தினமும் நான்கு மணிக்குப் பார்த்து எழுதினாள். போர்வை இல்லாத மூன்று நாளும் முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தேழு. போர்வையை உள்ளே தொங்கவிட்ட மூன்று நாளும் முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. போர்வைக்குப் பின்னால் கையை விட்டால் சுவர் அப்படியே கொதித்தது.

தூக்கம் வராமல் அங்கே வந்து நின்ற கணவர் அதைப் பார்த்தார்.

"என்னம்மா, சுவருக்குக் காய்ச்சலா? இப்படிப் போத்தி வச்சிருக்கே?"

"லைனிங்ங்க."

"வெயில் வெளியில இருந்துல்ல வருது. மழைக்கோட்டை எவனாவது பனியனுக்கு உள்ளே போடுவானா?"

அவள் போர்வையைக் கழற்றினாள். பிறகு ஏணியை எடுத்து வந்தாள். அதே போர்வை, வெளிப்பக்கம். முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு. வேறொருத்தியாக இருந்தால் உள்ளே தொங்கவிட்ட அந்த மூன்று நாளை மூடி மறைத்திருப்பாள். இவள் துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம், "சுவருக்கு உள்பாவாடை கட்டிவிட்ட கதை தெரியுமா?" என்று தானே சொல்லிச் சிரித்தாள்.

அடுத்து, வெளியே எதை ஒட்டுவது என்ற கேள்வி. கடைக்காரர் மூன்று துண்டுகளை எடுத்துப் போட்டார். வெள்ளைத் தெர்மோகோல், மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு, பாறையை உருக்கி நூற்ற பஞ்சுப் பலகை.

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா எதுக்குங்க மூணு வச்சிருக்கீங்க?"

மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கையுறை போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். தீக்குச்சி வைத்தபோது தெர்மோகோல் கரும்புகையோடு உருகி ஒழுகியது. வாளித் தண்ணீரில் போட்டபோது கண்ணாடிப் பஞ்சு தொய்ந்துவிட்டது. பாறைப் பஞ்சு எரியவில்லை, உருக்குலையவும் இல்லை. புது வீட்டின் பின்சந்தில் ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. அதனால் அலாரம் அடிக்கும் கடிகாரத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து, பாறைப் பஞ்சால் சுற்றியும் கேட்டுப் பார்த்தாள். சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல அமுங்கியது.

நாத்தனார் வாசலில் நின்று சிரித்தாள். "அண்ணி, பஞ்சு பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"மாப்பிள்ளைக்கு இவ்வளவு பாத்தேனா? உங்க அண்ணனை ஒரே ஒரு தடவை, அதுவும் பக்கவாட்டுலதான் பாத்தேன்."

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே சாரம் கட்டினார். பாறைப் பஞ்சுப் பலகைகளை ஒட்டி ஆணியடித்து, வலை போட்டுப் பூச வேண்டும். பூசுவதற்கு முன் அவள் சாரத்தில் ஏறி, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தடித்த அட்டையைச் செருகிப் பார்த்தாள். பதினோரு இடத்தில் அட்டை உள்ளே போனது.

"இருபத்தாறு வருஷமா சுவர் கட்டுறேன். என் வேலையை யாரும் இப்படிக் கிள்ளிப் பாத்ததில்லம்மா."

"தையல் விட்ட இடத்துலதான்ணே காத்து ஏறும். கோவிச்சுக்காதீங்க."

பதினொன்றையும் பிரித்து அடைத்தார்கள். இரண்டு நாள் கூடுதலாகப் போனது. மேஸ்திரி அதற்குப் பிறகு வேறு இரண்டு வீட்டில் வேலை எடுத்தார். இரண்டிலும் சட்டைப் பையில் அட்டை வைத்திருந்தார்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி குடி வந்தார்கள். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அவர் பின்னறையில் படுத்தார். அவள் முன்னறையில் மெஷினை மிதிக்காமல், கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் இரும்பு விழுந்த சத்தத்துக்கு அவள்தான் திடுக்கிட்டாள். பின்னறையில் அசைவே இல்லை. நான்கு மணிக்கு மெல்லக் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தாள். முப்பத்தொன்று. அவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். ஐந்தடித்தது. எழுப்பலாமா என்று இரண்டு தரம் கதவுவரை போய்த் திரும்பிவிட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு அவர் அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "மணி என்ன ஆச்சு பாரு! எழுப்பக் கூடாதா?"

"எழுப்புறதுக்கா சாரம் கட்டினோம்? போய்க் குளிங்க. டெப்போ அங்கேயேதான் இருக்கும்."

அவர் முறைத்தார். முறைப்பு முழுதாக வரவில்லை. கன்னத்தில் தலையணையின் மடிப்பு ஒரு விரல் நீளத்துக்குப் பதிந்திருந்தது. சீருடை போட்டுக் கிளம்பும்வரை அது மறையவே இல்லை.