கதவுக்கு வெளியே போட்ட கதிரை

போன கிழமை கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம், ஒரு மாடிக்கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

கதிரை தந்தவரை எனக்குத் தெரியாது. தந்த கையோடு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது. இது மரியாதையா, அவமரியாதையா?

அன்றைக்குத் தொடங்கிய குழப்பம். இதை எழுதும் வரை தீரவில்லை.

வன்னியில், கிளிநொச்சிக்குக் கிட்ட, தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு பாக்கியத்தினுடையது. தாயும் மகளும் மட்டும். மகள் யசோதா கிளிநொச்சியில் ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டே கணக்கியல் படித்து முடித்தவள். கொழும்பில் ஒரு கொம்பனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நான் ஒரு கல்யாணத்துக்குக் கொழும்பு போகிறேன் என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், பாக்கியம் வேலியடிக்கு வந்துவிட்டார்.

“அண்ணை, பிள்ளைக்கு ஒரு போர்டிங் சொல்லியிருக்கினம். ஒருக்கா எட்டிப் பாத்துக்கொண்டு வாங்கோவன்.”

“அறை பெரிசோ, தண்ணி வருகுதோ, எத்தினை யன்னல்… எல்லாம் பாத்துக்கொண்டு வாறன்.”

“அறை கிடக்கட்டும் அண்ணை. அங்கத்தைச் சனம் எப்பிடியெண்டு பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டால் அனுப்புவன். இல்லாட்டி அவள் இஞ்சயே இருக்கட்டும்.”

பாருங்கள்… யன்னல் எண்ணப் போனவனிடம் ஒரு நகரத்தையே எடைபோடும் வேலை! அதுவும் திங்கட்கிழமைக்குள்!

“சரி, வீட்டு நம்பர் என்ன?”

“கட்டடத்தின்ர பேர் இந்தத் துண்டில கிடக்கு. கமலா அக்கான்ர வீடு. மூண்டாம் மாடி. ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.”

தர்மபுரத்தில் இது முழு முகவரி. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். படித்தவன் என்று பெயர்!

கல்யாண மண்டபத்தில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு தூரத்து உறவினர். கொழும்பிலேயே இருந்து உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாக்கியத்தின் கேள்வியை அவரிடம் போட்டேன். உழுந்து வடையைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமானார்.

“ஒரு சமூகத்தின்ர குணத்தை அறியோணுமெண்டால் அதின்ர பெரிய நகரத்தைத்தான் பாக்கோணும். ஊரில ஆள் பாக்குமெண்டு எல்லாரும் நல்லவையாத்தான் நடப்பினம். நகரத்தில ஆர் பாக்கப் போகினம்? அங்கதான் உண்மை முகம் வெளிக்கும்.”

“அப்ப கொழும்பின்ர முகம் எப்பிடி?”

“அதைப் பாக்க எனக்கெங்க நேரம்?” என்று சொல்லிவிட்டு மறுபடி வடையை எடுத்தார்.

ஆனால் அவர் சொன்னதில் ஏதோ இருப்பதாக எனக்குப் பட்டது. சந்தியில் நான் ஒரு கிழவருக்குக் கை கொடுத்தால், இன்னாரின் மகன் கை கொடுத்தான் என்று பின்னேரத்துக்குள் ஊர் பேசும். அப்படியானால் நான் கொடுத்தது கிழவருக்கா, ஊருக்கா?

இந்த யோசனையோடு அடுத்த நாள் காலை அந்தக் கட்டடத்துக்குப் போனேன். போனைக் கல்யாண வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து வந்திருந்தேன். வாசல் காவலாளியிடம் “கமலா அக்கா வீடு” என்றேன். அவர் நம்பர் கேட்டார். நான் மறுபடியும் “கமலா அக்கா” என்றேன். என் நரைமுடியை ஒருதரம் பார்த்துவிட்டு லிப்டைக் காட்டினார்.

மூன்றாம் மாடியில் நான்கு கதவுகள். நான்கும் ஒரே மண்ணிறம். பெயர் இல்லை. முதல் கதவுக்கு முன்னால் ஐந்து சோடி செருப்பு, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஒன்றும் இல்லை, நான்காவதில் ஒரே ஒரு சோடி. செருப்பை எண்ணி ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?

எந்த மணியை அமத்துவது என்று தெரியவில்லை. மணி அடிப்பது எங்களுக்குக் கோயிலில்தானே பழக்கம்? ஒரு வீட்டுக்குப் போனால் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுப்போம். அதைத்தான் செய்தேன். நடைபாதைக்கு நடுவில் நின்று, தொண்டையைச் செருமி —

“வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!”

மூடிய இடமல்லவா? என் குரல் சுவரில் மோதி எனக்கே பெரிதாகத் திரும்பி வந்தது.

முதல் கதவுக்குள் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. இரண்டாவது கதவின் பார்க்கும் ஓட்டை இருண்டது — யாரோ கண் வைத்திருக்கிறார்கள்! நான் அந்த ஓட்டையைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ? கண் போய்விட்டது. மூன்றாவதில் சத்தமே இல்லை.

நான்காவது கதவு திறந்தது.

ஹவுஸ்கோட் போட்ட ஒரு வயதான அம்மா. சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஏசினாரா, விசாரித்தாரா… எனக்குத் தெரிந்த சிங்களம் அதற்குப் போதாது. நான் “கமலா, கமலா” என்றேன். அவர் மூன்றாவது கதவைக் காட்டி, கையில் கூடை பிடிப்பதுபோலச் செய்து, கீழே காட்டினார். சந்தைக்குப் போயிருக்கிறாராம். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து லிப்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே கிடந்த தூசியைக் கையால் தட்டினார். உள்ளே போனார். கதவு… பூட்டு… தாழ்ப்பாள்.

அப்படித்தான் நான் அந்தக் கதிரைக்கு வந்து சேர்ந்தேன்.

கமலா மீன் பையோடு வந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போனார்.

“என்ன அண்ணை, ஒரு கோல் எடுத்துப்போட்டெல்லோ வாறது! கூப்பாடு போட்டனீங்களோ? கீழ செக்கியூரிட்டி சொல்லிச் சிரிக்கிறான்.”

அறையைக் காட்டினார். யன்னல் இரண்டு. தண்ணீர் வந்தது. என் வேலை அதோடு முடியவில்லையே!

“இந்த முதல் கதவில ஆர் இருக்கினம் பிள்ளை?”

“தெரியாது அண்ணை. நல்ல சனம்.”

“தெரியாமல் எப்பிடி நல்ல சனம்?”

“கரைச்சல் இல்லையெண்டால் நல்ல சனம்தானே?”

“ரெண்டாவது?”

“மாங்குளத்தாக்களெண்டு கேள்வி. கதைச்சதில்லை.”

எனக்குத் திக்கென்றது. ஓட்டைக்குள்ளால் பார்த்த கண் எங்கள் பக்கத்துக் கண்! “வீட்டுக்காரர்” என்ற குரலின் அர்த்தம் அந்த மாடியிலே நன்றாகத் தெரிந்த வீடு அது. தெரிந்த வீடு திறக்கவில்லை. ஒரு சொல்லும் விளங்காத வீடு திறந்தது. திறந்து, கதிரை தந்து… பூட்டிக்கொண்டது!

ரயிலில் திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்ட பழக்கத்தில், கதிரைக்கு இத்தனை, தாழ்ப்பாளுக்கு இத்தனை என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கணக்குச் சரிவரவில்லை. கிளிநொச்சியில் இறங்கியதும் இன்னொரு சந்தேகம். ஏ9 வீதியில் ஆட்டோவில் போகும்போது வங்கிகளை எண்ணினேன், இரண்டு கைவிரலும் முடிந்தன. கண்ணாடிக் கடைகள், பெரிய பெரிய போர்டுகள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து இந்த வீதியை மட்டும் பார்த்தால் வன்னிச் சனம் காசில் புரளுது என்றல்லவா எழுதுவார்? விசுவமடுப் பக்கம் கிணற்றுத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள் அவருடைய கண்ணில் படுவார்களா?

பாக்கியத்தின் முற்றத்தில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் மனைவிதான் முதலில் பாய்ந்தார்.

“வயசுபோன மனுசனை வெளியில இருத்திப்போட்டுக் கதவைப் பூட்டினவாவோ? ஒரு வாய்த் தண்ணி தரேல்லையே? பாக்கியம், பிள்ளையை அனுப்பாத!”

பாக்கியம் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அவா தனியவோ இருக்கிறா அண்ணை?”

“ஒரு சோடி செருப்புத்தான் கிடந்தது.”

“அப்ப தனியத்தான். தனிய இருக்கிற மனுசி, ஆரெண்டே தெரியாத ஆம்பிளைக்குக் கதவைத் திறந்திருக்கிறா அக்கா. இவள் போனாப் பிறகு நானும் தனியத்தான். ஆரும் வந்து கத்தினால் நான் கதிரை குடுக்கிறது கிடக்கட்டும், கதவே திறவன்.”

ஒரே கதிரை. எங்கள் வீட்டில் அது அவமரியாதை, வேலிக்கு அங்கால் அது துணிச்சல். இருவரும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

வாசற்படியில் இருந்த யசோதா சொன்னாள்: “மாமா, எனக்குப் போன மாசம் காய்ச்சல் வந்தது. வீட்டில தெரமோமீற்றர் வைச்சுப் பாக்க முதல் சந்திக் கடைக்காரர் கேட்டார், காய்ச்சலாமே எண்டு. மருந்தும் அவர்தான் குடுத்துவிட்டவர், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினமெண்டால்… எனக்குக் கொஞ்ச நாள் அது வேணும்.”

“வருத்தம் வந்தால் ஆர் பிள்ளை பாக்கிறது?” என்றார் என் மனைவி.

“கதிரை தந்தவா ஒரு பனடோலும் தருவா மாமி.”

“கதவுக்கு வெளியில வைச்சோ?”

யசோதா சிரித்துவிட்டாள். பாக்கியமும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்றைக்கே ஓம் என்று அறிவித்துவிட்டார்கள். என்னிடம் தீர்ப்புக் கேட்க யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும் அது நிம்மதிதான்.

நகரம் ஒரு சமூகத்தின் குணத்தைக் காட்டுமா? காட்டும் என்றால் எந்தக் கதவு காட்டுகிறது? டிவியை நிறுத்தியதா, கண் வைத்ததா, திறந்து பூட்டியதா? எல்லாக் கதவுக்குப் பின்னாலும் இருப்பது நாங்கள்தான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. பாக்கியம் தன் கதவைத் திறக்கமாட்டேன் என்று சொன்னதை நினைத்தால், ஊரில் படலை மட்டும்தான் திறந்து கிடக்கிறதோ என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

யசோதா கொழும்புக்குப் போய் வேலை தொடங்கிய முதல் நாள் பின்னேரம் போன் எடுத்தாள். பாக்கியம் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டு, மகள் கேட்கிறாள் என்று போனை என்னிடம் நீட்டினார்.

“மாமா, ஒஃபிசில எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டு, வன்னிச் சனம் எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு கேக்கினம். நாளைக்குச் சொல்லுறன் எண்டு வந்திட்டன். என்ன சொல்லட்டும்?”

சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.